மேஸ்திரிக்கு நான் போட்ட ஃபெயில் மார்க்

விந்தணுவுக்கு ஓட்டப்பந்தயம் வைத்து மார்க் போடுவது என் தொழில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், எனக்கு வேலை கிடக்கிறது. சினை ஊசிக்காக எடுக்கும் காளை விந்தில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் கேமரா படம் பிடிக்கும். அணு எத்தனை, ஓடுவது எத்தனை, செத்துக் கிடப்பது எத்தனை என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லிவிடும். ஸ்க்ரீன் சொன்னதை நம்பி அடுத்தவர் தலையெழுத்தில் கையெழுத்துப் போடும் சக பாவிகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வீடு பார்த்த கதை

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் லாஸ்பேட்டையில் வாடகைக்கு ஒரு மாடிப் போர்ஷன் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "என்ன வேலைம்மா?" என்றார். "ஆராய்ச்சி சார்" என்று மழுப்பினேன். விட்டால்தானே! "எதுல ஆராய்ச்சி?" என்றார். வேறு வழியில்லாமல், காளை, விந்து, கம்ப்யூட்டர் என்று மூச்சு விடாமல் சொல்லித் தொலைத்தேன்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி, டம்ளரோடு அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டார். பெரியவர் மட்டும் அசரவே இல்லை. சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாட்டை மாடிக்கு ஏத்தாத வரைக்கும் பிரச்சினை இல்ல, பா த ப்ரொப்ளேம்."

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

என் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய காளையின் பெயர் மேஸ்திரி. வைத்தவர் அதைப் பராமரிக்கும் ஏழுமலை. உழவர்கரைக்காரர், என் வயதுதான், மீசை மட்டும் என்னைவிடப் பத்து வயது பெரியது. மேஸ்திரியின் முதல் துளியை நான் வைத்ததும் கம்ப்யூட்டர் தொண்ணூற்றெட்டு என்றது. ஏழுமலை அன்றைக்கு லேப் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

எங்கள் புரொபசர் வந்து ஸ்க்ரீனைப் பார்த்தார். நான் துளியைப் பெரிதாக விட்டிருந்தேன். மேலே மூடிய கண்ணாடி மிதந்து, செத்தது, உயிரோடு இருந்தது, தூசி எல்லாமே ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கம்ப்யூட்டரும் அத்தனையும் ஓடுகிறது என்று எண்ணிவிட்டது. புரொபசர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் ஒரே பக்கமா ஓடுனா அதுக்குப் பேரு ஓட்டம் இல்லம்மா, வெள்ளம்."

டீ வடிகட்டி

பட்ட அவமானத்தில் நான் மகா கறார் பேர்வழி ஆகிவிட்டேன். அளந்து அளந்து துளி விட்டேன். வந்தது வினை! அடுத்த வெள்ளிக்கிழமை மேஸ்திரிக்கு முப்பத்தொன்று. அதற்கடுத்த வெள்ளி இருபத்தெட்டு. எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு: மூன்று தடவை தொடர்ந்து ஃபெயிலானால் காளையைக் கழித்துவிடுவார்கள். கழித்த காளை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழுமலைக்குச் சோறே இறங்கவில்லை.

விந்தில் கலப்பதற்கு முட்டை மஞ்சள்கரு சேர்த்து ஒரு கரைசல் தயாரிக்க வேண்டும். மற்ற காளைகளுக்கு அதை லேப் அக்கா கலக்குவார். மேஸ்திரிக்கு மட்டும் நான். கலக்கியதை மெஷினில் வேகமாகச் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அந்த மெஷின் பக்கத்துக் கட்டிடத்தில். வெயிலில் யார் நடப்பது என்று நான் டீ வடிகட்டியில் வடித்துக்கொண்டிருந்தேன். புதுசுதான், சத்தியமாகப் புதுசு! இது தெரியாத ஏழுமலை என்னிடம் கெஞ்சினார்: "மேடம், மூணாவது தடவ மட்டும் கொஞ்சம் பாத்து எண்ணுங்க."

மூன்றாவது வெள்ளி

அன்றைக்கென்று பார்த்து மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏறுவதற்கு நிறுத்தியிருந்த டம்மி மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழுமலை கொஞ்சினார், தட்டிக் கொடுத்தார், ஒரு சுற்று நடத்திக் கூட்டி வந்தார். ம்ஹூம். நான் இங்கே சும்மா இருக்கப் பிடிக்காமல், ஃபோகஸ் சரியாக இருக்கிறதா பார்க்கலாமென்று விந்து கலக்காத வெறும் கரைசலில் ஒரு துளியை வைத்துப் பட்டனைத் தட்டினேன். கம்ப்யூட்டர் தயங்கவே இல்லை. ஏகப்பட்ட விந்தணு, அத்தனையும் செத்தவை, ஓடுவது சைபர் என்று அடித்துச் சொன்னது.

வடிகட்டியில் தப்பித்த மஞ்சள்கருத் துணுக்குகளைத்தான் அது இத்தனை நாளும் செத்த அணுக்கள் என்று எண்ணியிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஸ்க்ரீனில் நம்பர் வரும்போது கண்ணை யார் மதிக்கிறார்கள்? அந்த நேரம் பார்த்து ஏழுமலை உள்ளே வந்து, ஸ்க்ரீனில் தெரிந்த சைபரைப் பார்த்து அலறினார்: "மேடம், மாடு இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள ஃபெயிலா?"

கையெழுத்து

வெயிலில் ஓடினேன். கரைசலைச் சுற்றித் தெளியவைத்துக்கொண்டு வருவதற்குள் மேஸ்திரிக்கும் மனசு மாறியிருந்தது. எழுபத்துநான்கு! இந்த முறை கண்ணாலும் பார்த்துவிட்டேன். நன்றாகவே ஓடின, ஆளுக்கொரு பக்கமாக. பழைய இரண்டு ரிப்போர்ட்டிலும் 'தவறு என்னுடையது, காளையுடையது அல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுப் புரொபசரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்.

கொட்டகைக்குப் போய் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் மேஸ்திரியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்: "மாட்டுக்கு நீங்க எழுதுன ரிப்போர்ட்டப் படிக்கத் தெரியாது, அதனால அது மன்னிச்சுடுச்சு மேடம், எனக்குப் படிக்கத் தெரியும்."

இத்தனை வருஷம் படித்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் பொய்யே சொல்லாது, நம்முடைய சோம்பேறித்தனத்தைக்கூட ஒன்று விடாமல் எண்ணி, அடுத்தவர் கணக்கில் எழுதிவிடும்.