வேப்பமரத்துக்குக் காவி அடித்த மிலிட்டரி

எங்கள் பகுதியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மிலிட்டரி'தான். பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட, "மிலிட்டரிக்குச் சொத்தை இல்லாமப் போடுப்பா" என்பார்கள். ராணுவத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் நான் காவல் காத்தது எல்லையை அல்ல, ரேஷன் ஸ்டோரை. எதிரியை நேரில் பார்த்ததில்லை. பருப்பு மூட்டைக்குள் வண்டைத்தான் பார்த்திருக்கிறேன். இதை வெளியே சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

இந்தப் பெயர் என் மகளுக்கு வினையாக வந்து நின்றது. நல்ல பிள்ளை. படித்து, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், இரண்டும் தட்டிப்போயின. தரகர் காரணத்தை மறைக்காமல் சொன்னார். "பொண்ணைப் பிடிச்சிருக்காம் அண்ணே. உங்களைப் பார்த்துத்தான் பயப்படுறாக. நாளைக்கு ஒரு சண்டைனு வந்தா துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்துருவாருங்கிறாக."

என் வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதம் தேங்காய் உடைக்கும் அரிவாள். அன்றைக்கே மீசையைப் பாதியாகக் குறைத்தேன். திருப்பரங்குன்றத்துக்குப் போய், "முருகா, என்னால என் பிள்ளை வாழ்க்கை கெட்டுறக் கூடாதுப்பா" என்று அழாத குறையாக வேண்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவதாக உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. என் மனைவி என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: "நீங்க வாசலைக் கூட்டினாப் போதும். வேற எதையும் தொடாதீக. வந்தவுககிட்ட வாயையும் திறக்காதீக."

நான் வாசலை மட்டும் கூட்டியிருக்கலாம். ஆனால் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் பட்டாளத்தில் என்ன செய்வோம்? முகாமில் உள்ள மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு உயரத்துக்குக் காவி அடித்து, அதன்மேல் ஒரு பட்டை சுண்ணாம்பு அடிப்போம். பாதையோரக் கற்களுக்கும் அதே சிவப்பும் வெள்ளையும்தான். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அடித்தால் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பெரிய அதிகாரி எனக்கு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை மனைவி கடைக்குப் போன நேரத்தில் வாசல் வேப்பமரத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். மரத்தைச் சுற்றிக் கல் அடுக்கி அதற்கும் அடித்தேன். மிச்சம் இருந்ததை வீணாக்க மனமில்லாமல் காம்பவுண்டுச் சுவரில் பட்டை பட்டையாக இழுத்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே ஒரு சல்யூட் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த ஊரில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த சுவருக்கு என்ன அர்த்தம் என்பது அத்தனை வருஷம் வெளியூரில் கிடந்ததில் எனக்கு மறந்தே போயிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பால் ஊற்றுகிற அக்கா மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மத்தியானம் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் அகல்விளக்கை ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். டவுன் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டினார்.

என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "வாசலைக் கூட்டச் சொன்னா கோயிலைக் கட்டிப்புட்டீகளே! வாரவுக என்ன நெனைப்பாக?"

"சுண்ணாம்பைக் கழுவிருவேன். குங்குமத்தை எப்படிக் கழுவுறது?" என்றேன். அழிக்க அவளுக்கும் மனசு வரவில்லை. சாமி காரியம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். நான் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியும் தோளில் துண்டுமாக, இன்னும் சட்டை போடாமல், காற்றில் அணைந்த அந்த விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கியதும் செருப்பை ரோட்டிலேயே கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் நேராக என்னிடம் வந்து ஒரு தேங்காயை நீட்டினார்.

"சாமி, இதை ஒடச்சு ஆத்தாளுக்குக் காட்டுங்க. பொண்ணு பார்க்கப் போறோம். நல்லபடியா முடியணும்."

நான்தான் பெண்ணின் அப்பன் என்றால் அவர்களுக்கு அவமானம். சொல்லாவிட்டால் பொய். வாயைத் திறக்காதே என்ற மனைவியின் உத்தரவு வேறு. தேங்காயை வாங்கினேன். கண்ணை மூடி வேண்டியது மட்டும் நடிப்பில்லை. அந்த இடத்தில் என்னைவிட நெஞ்சு அடித்துக்கொண்டு வேண்டியவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். உடைத்தேன். நல்லபடியாக உடைந்தது.

தாய்மாமன் குரலைத் தணித்தார். "இங்க மிலிட்டரிக்காரர் வீடு எது சாமி? ஆளு ரொம்பக் கடுசாமே?"

"அம்புட்டுக் கடுசெல்லாம் இல்லைங்க," என்றேன்.

அதற்குள் வேன் சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்துவிட்டாள். "உள்ள வாங்க, வாங்க! ஏங்க, சட்டையைப் போடாம அங்க என்ன பண்றீக?"

வேனில் வந்த நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப இது உங்க வீட்டுக் கோயிலா?"

தலையாட்டியிருந்தால் மரியாதையாகவே போயிருக்கும். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் பொய் வரவில்லை. "கோயில் இல்லைங்கம்மா. நீங்க வாரீகனு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். பட்டாளத்துல அப்படித்தான் அடிப்போம். ஜனங்க கும்பிட ஆரம்பிச்சுட்டாக. துப்பாக்கி எல்லாம் நான் தொட்டே ரொம்ப நாளாச்சு. அங்க பருப்புத்தான் அளந்தேன்."

வாயைத் திறக்காதவன் திறந்ததில் எல்லாமே கொட்டிவிட்டது. மனைவி சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என் மகள் சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. மாப்பிள்ளைப் பையன் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்து அவனும் சிரித்தான்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. உடைந்த தேங்காயை வாங்கி, மரத்தடியில் கிடந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நீங்க அடிச்சது பெயிண்ட்டா இருக்கட்டும். நாங்க கும்பிட்டது கும்பிட்டதுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காப்பி முடிந்து, பிள்ளைகள் இரண்டும் தனியாக ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வரும்வரை நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். மகளின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் வாயிலிருந்து வரவேண்டுமே. அவர் எழுந்தார், என்னைப் பார்த்தார்.

"நிச்சயத்தை எங்க வீட்டுல வச்சுக்கிருவோம் அண்ணே. நீங்க எல்லாரும் ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்க. பெயிண்ட் டப்பாவை மட்டும் கொண்டு வந்துராதீக."

அண்ணே என்றார். நான் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தபோதுதான், இன்னும் சட்டையே போடவில்லை என்பது தெரிந்தது.