இருசப்பனைப் பந்துக்கு விற்ற கதை

இருசப்பன் எனக்குத் தம்பி முறை. கூடப் பிறந்தவன் இல்லை. என் அம்மாவுக்குப் பெரியப்பா மகள் தாயாரம்மாள். அவள் பெற்ற ஒரே பிள்ளை. அப்பன் மதுராந்தகம் பக்கம் கரும்பு வெட்டப் போய், காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பிள்ளையை வளர்த்தது தாயாரம்மாள். வளர்த்ததாகச் சொல்லிக்கொண்டது அவளுடைய அண்ணன் கிருஷ்ணசாமி.

நிலம் என்று பார்த்தால் அவர்களுக்கு நகக்கண்ணில் ஒட்டிய மண்தான். மீசை முளைக்கும் முன்பே இருசப்பன் அடுத்தவன் கழனியில் உரத்துக்குத் தழை மிதிக்கப் போனான். புங்கந்தழையும் கொளிஞ்சியுமாக முழங்கால் சேற்றில் மிதித்து மிதித்து, கால் இரண்டும் உலக்கை ஆகிவிட்டன. அந்தக் காலால் ஒரு உதை விட்டால் பந்து போகும் திசையில் நிற்பவன் குலதெய்வத்தை நினைத்துக்கொள்வான்.

உத்திரமேரூரில் அப்போது ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை விவசாயம், வற்றினால் கால்பந்து. ஏரிக்குள்ளேயே சவுக்குக் கழி நட்டு ஆடுவோம். எங்கள் ஆட்டக் கட்சிக்குத் தலைவர் மளிகைக் கடை ரஹமத்துல்லா பாய். அவர் ஒருநாளும் ஆடியதில்லை. பந்து அவருடையது, அவ்வளவுதான். கடை விட்டத்தில் பூண்டுக் கட்டோடு அது தொங்கும். எங்கள் பந்தைத் தலையால் முட்டியவன் இரண்டு நாளைக்கு ரசம் வைத்தவன் மாதிரி மணப்பான்.

எங்களுக்கு ஜென்ம விரோதி பக்கத்து ஊரான திருப்புலிவனம். அங்கே கட்சியை நடத்தியவர் கிணறு வெட்டும் மேஸ்திரி பெருமாள். யுத்தத்தின்போது பட்டாளத்துக்குச் சோறு ஆக்கப் போனவர், சோறு ஆக்குவதைத் தவிர மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தார். அவர் மகள் கனகா. ஒரு கோடையில் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் பந்து கரையைத் தாண்டி விழுந்தது. அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த கனகா, அதைப் புல்லுக்கட்டுக்கு அடியில் போட்டு மேலே உட்கார்ந்துவிட்டாள். பந்து எடுக்கப் போன இருசப்பன் வெகுநேரம் கழித்துப் பந்து இல்லாமல், சிரித்துக்கொண்டே வந்தான். பந்து மறுநாள்தான் வந்தது. எங்களுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நயா பைசா வந்து சந்தையில் சனங்கள் தடுமாறிக்கொண்டிருந்த சமயம். இருசப்பன் நேராகப் பெருமாள் மேஸ்திரியிடமே போய்ப் பெண் கேட்டுவிட்டான். மேஸ்திரி யோசிக்கவே இல்லை.

“பொண்ணு குடுக்கறேன். வூட்டோட மாப்பிள்ளையா வந்துடு. ஆனா வைகாசி மேட்ச்ல நீ எங்க ஊருக்கு ஆடணும், கோல் போட்டு ஜெயிச்சிக் குடுக்கணும். ஜெயிச்சா ஆனியில கல்யாணம். இல்லன்னா அவளுக்கு வாலாஜாபாத்துல ஒரு எடம் பாத்து வெச்சிக்கீறேன்.”

உத்திரமேரூர்க்காரர்கள் வாய் அடைக்க அவர் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: இருசப்பனை விட்டுக்கொடுத்தால் மெட்ராஸிலிருந்து வாங்கிய புதுத் தோல் பந்து ஒன்று தருவார்.

அதுதான் வினை. எங்கள் பந்து அப்போது ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுக் கோழிமுட்டை வடிவத்துக்கு வந்து, அந்த வாரம்தான் உயிரை விட்டிருந்தது.

பாய் கடையில் கூட்டம் கூடியது. விற்பதா வேண்டாமா என்று வழக்கு. வண்டிக்கார வேதகிரிதான் முதலில் எழுந்தார். ஆடத் தெரியாதவர், ஆட்டத்தைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் இல்லை.

“இவனை வித்துட்டு யாரை வெச்சி ஆடறது?”

பாய் தராசைக் கீழே வைத்தார். “இவனை வெச்சிக்கினு எத்த வெச்சி ஆடறது? பந்து கீதா உங்கிட்ட? தேங்காயை உதைக்கச் சொல்றியா?”

“ஆளு இருந்தா பந்து தானா பொறக்கும் பாய்.”

“எங்க பொறக்கும், உன் மாட்டுக் கொட்டாயிலயா?”

“மாடு விக்கறவன்கூட கயித்துக்குத் தனி வெலை வெப்பான்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “பந்தோட காத்தடிக்கிற பம்பும் சேத்துக் கேளுங்க.”

“சுழி பாத்தாங்களா? பின்னால வந்து இவன் மூஞ்சி சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டா பேஜாராப் பூடும்.”

“அந்த மூஞ்சிய பாத்தா வாங்கறாங்க? காலுக்குத்தான் வெலை.”

இருசப்பன் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். “எனக்குக் கனகாவைக் கட்டணும். என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” என்றான்.

“மாட்டைக் கேட்டுக்கினா சந்தைக்கு ஓட்டறாங்க? சும்மா குந்துடா” என்றார் வேதகிரி.

இந்த நேரத்தில் தாயாரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தாள். “எம்புள்ளைய விக்கறதுக்கு நீங்க யாருடா? பெத்தவ நானு. வித்தா அந்தப் பந்து எனக்குத்தான் வரணும்.”

“உனக்கு எதுக்கும்மா பந்து?” என்றார் பாய்.

“களை எடுத்துட்டு வந்து குந்திக்கறதுக்கு.”

வழக்கு பொழுது சாயும்வரை இழுத்தது. திடீரென்று வேதகிரி பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தினாலே ஏதோ விபரீதம் என்று அர்த்தம். இருசப்பனையும் அவன் அம்மாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்:

“வித்துடலாம். பந்தை வாங்கிக்குவோம். மேட்ச்ல நம்ம கோலுக்கு கிருஷ்ணசாமிய நிக்க வெப்போம்.”

“அந்தாளுக்குப் பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதே” என்றார் பாய்.

“தெரிய வேணாம். தாய்மாமன் இல்ல? இருசப்பன் அவரு எதிர்ல காலைத் தூக்குவானா?”

கடையே சேர்ந்து வேதகிரிக்கு ஓசியில் ஒரு சோடா உடைத்துக் கொடுத்தது.

கிருஷ்ணசாமியைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். முறை என்றால் உயிரை விடுவார். பெரும்பாலும் அடுத்தவர் உயிரை. ஒரு காதுகுத்தில், தன்னைக் கேட்காமல் பிள்ளைக்கு மொட்டை அடித்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, விழுந்த முடியை எடுத்துத் திரும்ப ஒட்டச் சொன்னவர். அவர் வராத கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. தாயாரம்மாள் தாலி கட்டவே விடமாட்டாள். அவருக்குப் பெண் பிள்ளை இருந்திருந்தால் இருசப்பனை எப்போதோ மருமகனாக்கிக் கட்டிப் போட்டிருப்பார். இந்தக் கதையே கிடையாது.

பந்து வந்தது. இருசப்பன் போனான். வைகாசியும் வந்தது.

ஏரிக்குள் இரண்டு ஊர் சனமும் கூடியிருந்தது. விசில் ஊத வெளியூர் டிரில் வாத்தியார் ஒருவர். எங்கள் கோலில் கிருஷ்ணசாமி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, நெற்றியில் நாமம் போட்டு, சாமி தூக்கும் முன் வாகனம் நிற்பதுபோல் நின்றார். அவரைப் பார்த்ததும் இருசப்பன் முகம் செத்துவிட்டது.

முதல் தடவை எல்லாரையும் தாண்டி கோலுக்கு நேரே வந்தான். கிருஷ்ணசாமி அசையவில்லை. தொண்டையை மட்டும் கனைத்தார்.

“டேய். யாரு எதிர்ல நிக்கறேன்னு தெரியுதா?”

இருசப்பன் பந்தை அப்படியே திருப்பிக்கொண்டு போய் இன்னொருவனிடம் தள்ளினான். அவன் உதைத்தது எருமை மந்தைக்குள் போய் விழுந்தது. அப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஒரு கனைப்பு, ஒரு திரும்பல். பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. வேதகிரி ஏதோ தானே ஆடியதுபோல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெருமாள் மேஸ்திரி மருமகனாகப் போகிறவனைத் தனியே இழுத்துப் போனார். “உனக்குப் பொண்ணு வேணுமா, மாமன் வேணுமா?”

“ரெண்டும் வேணும் மேஸ்திரி.”

“வாலாஜாபாத்து பையனுக்கு மாமனே கெடையாது. அத்த மட்டும் ஞாபகம் வெச்சிக்க.”

அவன் திரும்பினால் கரைமேல் தாயாரம்மாள். “அண்ணனை அவமானம் பண்ணிட்டு வந்தின்னா மாலை எடுத்துக் குடுக்க யாருடா வருவாங்க? ஆனியில உனக்குக் கல்யாணமும் கெடையாது, ஒரு கூழும் கெடையாது.”

அவளுக்குக் கொஞ்சம் தள்ளிக் கனகா நின்றுகொண்டிருந்தாள். “அவங்க சொல்றது கெடக்கட்டும். ஏதாவது பண்ணு. எனக்கு வாலாஜாபாத்து புடிக்காது” என்றாள்.

ஆட்டம் மறுபடி தொடங்கி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஒரு பந்து இருசப்பன் காலில் கிடைத்தது. எங்கள் ஆட்கள் துரத்துவதையே விட்டுவிட்டார்கள். எப்படியும் மாமன் கனைப்பார். அவனும் நேரே கோல் வாய்க்கே வந்து, மாமனுக்கு ஒரு முழம் முன்னால் பந்தை நிறுத்தினான். கிருஷ்ணசாமி தொண்டையைச் செருமத் தயாரானார்.

இருசப்பன் இரண்டு கையையும் கூப்பினான். “மாமா, கல்யாணம் வெச்சிக்கீறேன். உன் ஆசீர்வாதம் இல்லாம நான் மணவறையில குந்த மாட்டேன்.”

சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

கிருஷ்ணசாமிக்கு வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை. அதுவும் இரண்டு ஊர் சனம் பார்க்க. மனுஷன் உருகிவிட்டார். காலை அகட்டி நின்று, கண்ணை மூடி, கையிரண்டையும் மருமகன் தலைக்கு மேல் நீட்டினார். தலைக்கு முன்னால் பந்து இருந்தது. இருசப்பன் நெற்றியால் அதை மெதுவாக ஒரு தள்ளு தள்ளினான். அது மாமன் கால்களுக்கு நடுவே, அவசரமே இல்லாமல் உருண்டது.

“பந்து, பந்து” என்று எங்கள் பக்கம் மொத்தமும் கத்தியது.

“இருங்கடா” என்றார் கிருஷ்ணசாமி, கண்ணைத் திறக்காமல். “ஆசீர்வாதம் பண்ணிக்கினு கீறேன்ல.”

விசில் ஊதியது. வேதகிரி டிரில் வாத்தியாரிடம் ஓடினார். “அது முட்டல் இல்ல சார், நமஸ்காரம்.”

“கையில படல. தலையிலதான் பட்டுது. நமஸ்காரம் பண்ணக் கூடாதுன்னு ரூல் எதுவும் இல்லையே” என்றார் வாத்தியார்.

கிருஷ்ணசாமி திரும்பிப் பார்த்தார். கழிக்கு அந்தப் பக்கம் பந்து கிடந்தது. கீழே குனிந்து பார்த்தார். மருமகன் இன்னும் விழுந்த மேனிக்கே கிடந்தான். அவர் மூக்கு விடைத்தது. இரண்டு ஊர் சனமும் அவர் வாயையே பார்த்தது. கோல் போய்விட்டது, இனி கல்யாணமாவது நடக்குமா நின்றுபோகுமா என்று.

“எழுந்துர்றா” என்றார்.

“வரேன்னு சொல்லு மாமா. அப்பறம் எழுந்துக்கறேன்.”

“வரலன்னா?”

“இங்கியே கெடக்கறேன். ஏரி ரொம்பினதும் மீன் தின்னுட்டுப் போவட்டும்.”

கிருஷ்ணசாமி கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னிலையில் கொடுத்த ஆசீர்வாதம். “பண்ணது பண்ணிட்டேன். திருப்பி வாங்கிக்க அது இன்னா எரவல் மம்பட்டியா? வரேன். மொத தாம்பூலம் எனக்கு.”

அதற்குள் பெருமாள் அங்கே வந்திருந்தார். “மொத தாம்பூலம் எங்க ஊரு நாட்டாமைக்கு. ரெண்டாவது வாங்கிக்குங்க.”

“ரெண்டாவதா? யாரைப் பாத்துச் சொல்ற? மூணு தலைமுறையா நாங்க மொத தாம்பூலம் வாங்கற குடும்பம்.”

“எந்த ஊர்ல?”

மேட்ச் அங்கேயே முடிந்து சம்பந்திச் சண்டை ஆரம்பித்தது. வாத்தியார் இரண்டு தடவை ஊதிப் பார்த்தார், கேட்பார் இல்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. கிருஷ்ணசாமி முதல் தாம்பூலம் வாங்கினார். நாட்டாமைக்கு அன்று வயிற்றுப்போக்கு என்று சொன்னார்கள், அது எப்படி வந்தது என்று தாயாரம்மாளைத்தான் கேட்க வேண்டும். இருசப்பன் மாமனாரோடு கிணறு வெட்டப் போனான். இன்னும் சில கோடை ஆடினான். பிறகு கல் விழுந்து கால் கட்டைவிரல் நசுங்கியதோடு ஆட்டம் போயிற்று, கனகாவும் பிள்ளைகளும் மிச்சம்.

போன மாசம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கனகா சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்: “என்னைக் கட்டிக்க இவரு எத்தினி பேரு கால்ல வுழுந்தாரு தெரியுமா?”

“ஒருத்தர் கால்லதான்” என்றான் இருசப்பன்.

“எங்க நைனா கால்ல மணவறையில வுழுந்தியே, அது?”

“அது கணக்குல வராது. அங்க ஏது பந்து?”