மாக்கிறட் திறந்துவிட்ட வீடு

இலுப்பைக்கடவையில் மாக்கிறட்டைத் தெரியாத ஆளில்லை. சரியான வாய்க்காரி. நண்டு வாங்க வருகிற வியாபாரி தராசில் விரலை வைத்தால், அவனுடைய பரம்பரையையும் சேர்த்து நிறுத்து அனுப்பிவிடுவாள். அரசாங்கக் கந்தோரில் வரிசையை மீறி ஒருவன் நுழைந்தால், அது பெரிய ஆளோ சின்ன ஆளோ, பின்னால் இழுத்து விட்டுவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்ட மனுசி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் நின்றாள். ஊருக்கு அவளுடைய வாய் தெரியும். அந்த மௌனத்தை அறிந்தவர்கள் நூற்று முப்பது பேர்தான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறும்போது அவளுக்கு இருபது வயது. திருச்சிப் பக்கத்து அகதி முகாமொன்றில் இருபத்தொரு வருடம். அங்கேதான் கலியாணம், அங்கேதான் மகள் சுபாஜினி பிறந்தது, அங்கேதான் புருசனைப் புதைத்தது. சண்டை முடிந்து ஊருக்கு வந்து பார்த்தால், தகப்பனின் காணி அக்காவுக்குச் சீதனமாகப் போய், அக்கா அதை எப்போதோ விற்றுவிட்டிருந்தாள். சொந்த ஊரில் ஒரு சாண் மண் இல்லை. மண் இல்லாதவருக்கு அரசாங்க வீட்டுத்திட்டமும் இல்லை. "காணி உறுதியைக் கொண்டு வாங்கோ, அடுத்த நாளே பேரைப் பதியிறன்" என்று கந்தோரில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். உறுதிப் பத்திரம் என்ன, கடையில் விற்கிற சாமானா?

அந்த நேரத்தில்தான் மச்சான்முறையான அருட்பிரகாசம் பிரான்சிலிருந்து ஃபோன் எடுத்தார். அவர் வீதியோரத்தில் பெரிய வீடு கட்டியிருந்தார். ஆறு அறை, பளிங்குபோலத் தரை, பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. குடும்பத்தோடு இரண்டு வருடம் கழித்து ஆவணியில் வந்து, கோவில் சுவாமியாரைக் கொண்டு செபம் சொல்லி வீட்டை மந்திரித்து, பிறகுதான் குடிபுகுவதாகத் திட்டம். அதுவரை மாக்கிறட் அந்த வீட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வந்த உடன பின்வளவில இருபது பேர்ச் காணி உன்ர பேரில எழுதித் தாறன்" என்றார். "ஆனா ஒண்டு. மந்திரிக்கும் வரைக்கும் உள்ளுக்க ஒரு சனம் போகக்கூடாது. விருந்து கிருந்து ஒண்டும் வேண்டாம். குசினியில முதல் பானை என்ர மனுசிதான் வைக்கோணும். விளங்குதோ?"

"ஓம் மச்சான். ஒரு பூனை போகாது" என்றாள் மாக்கிறட். உண்மையாகவே ஒன்றரை வருடம் ஒரு பூனையும் போகவில்லை. சனிக்கிழமை திறப்பாள், கூட்டுவாள், துடைப்பாள், பூட்டுவாள். வாசற்பூட்டின் திறப்பு எப்போதும் இடுப்பில் கிடக்கும். மகளைக்கூட வாசலோடு நிறுத்திவிடுவாள்.

இதற்குள் பிரேமிளாவின் கதை வருகிறது. பிரேமிளா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பம். வன்னியிலிருந்து இந்தியாவுக்கு ஓடியவள். முகாமில் மாக்கிறட்டின் குடிசைக்கும் அவளுடையதற்கும் நடுவில் ஒரு தார்த்தகடுதான் சுவர். சுபாஜினி பிறந்து மாக்கிறட் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த பதினெட்டு நாளும், தன் பிள்ளையை ஒரு பக்கமும் சுபாஜினியை ஒரு பக்கமும் போட்டுப் பால் கொடுத்தவள் பிரேமிளா. இப்படியொரு உறவுக்கு என்ன பெயர் வைப்பது? மாக்கிறட் பெயர் வைக்கவில்லை. "வாடி, எங்கட நாட்டுக்குப் போவம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வந்து என்ன கண்டாள் பிரேமிளா? கட்டுக்கரைப் பக்கம் யாருடையவோ வயலில் அவளும் புருசன் ரவிசந்திரனும் இரண்டு வருடம் கூலி. காணியும் இல்லை, கேட்டுத்தர உறவும் இல்லை. இரண்டாயிரத்துப் பதின்மூன்று கார்த்திகையில் ஒருநாள் வந்து, "அக்கா, வியாழக்கெழம திருச்சிக்கே திரும்பிப் போறோம்" என்றாள். மாக்கிறட் முதலில் ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு சொன்னாள்: "ஞாயிறு மத்தியானம் வா. உனக்கு நான் ஒருநேரச் சாப்பாடு தரோணும்."

வீட்டுக்குள் இல்லை, முற்றத்து வேம்பின் கீழ்தான். எட்டு, பத்துப் பேர். அதில் என்ன பிழை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மச்சான் விருந்து வேண்டாம் என்றது வீட்டுக்குள்தானே!

இனி அவள் விட்ட பிழையைக் கேளுங்கள். முகாம்காரரைத் தவிர வேறு யாரும் இப்படியொரு பிழை விடமாட்டார்கள். முகாமில் ஒரு வரிசைக்கு இருபத்திரண்டு குடிசை. விசேசம் என்றால் வீடுவீடாகப் போய்ச் சொல்லுகிற வழக்கம் கிடையாது; அப்படிப் போனால் காவலுக்கு நிற்கிறவர்கள் என்ன கூட்டம் என்று கேட்பார்கள். முதல் குடிசையில் சொன்னால் போதும். அது இரண்டாவதுக்குச் சொல்லும், இரண்டாவது மூன்றாவதுக்கு. கடைசிக் குடிசைக்கு அப்பால் மதில். சொல் அங்கே நின்றுவிடும். வந்த சொல்லைக் கடத்தாமல் தன்னோடு வைத்துக்கொள்வது பெரிய அவமானம். வருகிறவர்கள் தங்கள் தட்டுக் கோப்பையைத் தாங்களே கொண்டு வருவார்கள்.

மாக்கிறட் நறுவிலிக்குளத்திலிருந்த மரியம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள். மரியம்மா அந்த வரிசையின் முதல் குடிசை. "பிரேமிளா போறாள். ஞாயிறு மத்தியானம் இஞ்ச வந்து ஒருவாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள். மரியம்மா முறை தவறாதவள். அடுத்த குடிசைக்காரிக்கு, அதாவது இப்போது பேசாலையில் இருப்பவளுக்கு, உடனே சொன்னாள். பேசாலை தலைமன்னாருக்குச் சொன்னது. இருபத்திரண்டாவது குடிசைக்குச் சொல் போய்ச் சேர்ந்தபோது பார்த்தால், மதிலைக் காணோம். மதில் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது! சொல் பாட்டுக்குப் பக்கத்து வரிசைக்காரருக்கும் அவர்களின் சம்பந்திமாருக்கும் போய்க்கொண்டேயிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அரைமணிக்குள் முதல் லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் வந்து நின்றது. இழுவைப் பெட்டியில் பதினாறு பேர், கையில் பதினாறு கோப்பை. "என்னடி மாக்கிறட், மெலிஞ்சு போனாய்!" என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். பிறகு ஓட்டோ, பிறகு இரண்டாவது லான்ட்மாஸ்ரர், பிறகு மீன் லொறி. ஒருவன் பாட்டுப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். நூறு வரைக்கும் எண்ணிய சுபாஜினி, "அம்மா, நாங்கள் மூண்டு கிலோ அரிசிதான் போட்டனாங்கள்" என்றாள்.

மாக்கிறட் ஓடிப்போய் வாசற்பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? அவளை நம்பி ஒரு பந்தி கூடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைக்கு ஆள் ஓடி அரிசி வந்தது, கோவில் அண்டா வந்தது. ஆண்கள் அடுப்பு வெட்டினார்கள். கதையைக் கேள்விப்பட்டுக் காவலரணிலிருந்து இரண்டு ஆமிக்காரர் சைக்கிளில் வந்து நின்றார்கள். பிறந்தநாள் என்றாலும் முதலே போய்ச் சொல்லவேண்டிய காலம் அது. ரவிசந்திரன்தான் சிங்களம் தெரிந்தவன். செத்தவருக்குக் கொடுக்கிற தானம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். "ரெண்டு மணிக்கு முடிக்கணும்" என்றுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போக, மழை வந்தது. கார்த்திகை மழை, சும்மா தூறலா? ஊற்றியது. அடுப்பு அணைந்தது. அரிசி பாதி வேக்காட்டில் நின்றது. நூற்று முப்பது பேரும் வேம்புக்குக் கீழ் நெருக்கியடித்து நின்றார்கள். வீட்டு விறாந்தைப் பக்கம் ஒருவரும் போகவில்லை, மாக்கிறட் சொல்லியிருந்தாள். ஒரு கைக்குழந்தை நனைந்து வீரிட்டது. தாய் தன் கோப்பையை அதன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். மாக்கிறட் அதைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து, எல்லோரும் பார்க்க, தானே கதவைத் திறந்தாள்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ. ஒண்டிலயும் தொடாதேங்கோ" என்றாள்.

முதல் பத்து நிமிடம் கோவிலுக்குள் நிற்பதுபோல நின்றார்கள். பிறகு பிள்ளைகள் ஈரக்காலோடு தரையில் வழுக்கி விளையாடத் தொடங்கின. ஒரு கிழவர் சோபாவின் ஓரத்தில் மெதுவாக இருந்து பார்த்தார். அதன்பிறகு அதில் ஏழு பேர். குளியலறையைப் பார்க்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இருபது வருடமாகக் கக்கூசுக்கு வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள், இப்போது தண்ணீர் தலைக்கு மேலிருந்து கொட்டுவதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். சிரித்தார்கள். யாரோ ஒருவன் பாட்டுப் பெட்டியின் வயரைச் செருகினான். அதோடு போச்சு! சோபாவில் ஏறி ஆடினார்கள், பிளாஸ்டிக் உறை கிழிந்தது, கைகழுவும் தொட்டியில் சாய்ந்தவனோடு தொட்டியும் சரிந்தது. "ஐயோ, இறங்கடா! அதைத் தொடாத!" என்று மாக்கிறட் அறைக்கு அறை ஓடினாள். ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்குள் குசினியிலிருந்து புகை வந்தது. பாதி அரிசியைப் பாழாக்கக்கூடாது என்று மூன்று கல்லை வைத்து, பளிங்குத் தரையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தபோது வெள்ளைக் கூரைத்தட்டு கறுத்திருந்தது. அவள் கண்முன்னே தரைக்கல் சூட்டில் படாரென்று வெடித்தது.

அந்த நேரம் ஃபோன் அடித்தது. அவளுடைய ஃபோனில் ஸ்பீக்கர் போட்டால்தான் சத்தம் கேட்கும்.

"மாக்கிறட், என்ர வீட்டுக்குள்ள ஆர் உந்தச் சனம்?"

யாரோ ஒரு பொடியன் ஆடுகிற படத்தை முகநூலில் போட்டிருக்கிறான். அது பாரிசுக்குப் போய்விட்டது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள். வீடு முழுக்க அருட்பிரகாசத்தின் குரல் மட்டும் கேட்டது.

"நீ கூப்பிட்டனியோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லு. இண்டைக்கே நான் வேற ஆளை வைக்கிறன். காணிக் கதையும் இனி இல்லை."

மாக்கிறட் சுபாஜினியைப் பார்த்தாள். மழையில் தகரக் கொட்டில் பின்வாசலூடாகத் தெரிந்தது. "நான் கூப்பிடேல்லை மச்சான்" என்றாள். "மழைக்கு ஒதுங்க வந்த சனம். கதவைத் தள்ளித் திறந்திட்டுதுகள். ஆரெண்டும் எனக்குத் தெரியாது."

நூற்று முப்பது பேரும் கேட்டார்கள்.

"பொய் சொல்லாத. தெரியாத சனம் என்னெண்டு உன்னைத் தாண்டிப் போச்சுது?"

 அரிசி கழுவிய ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிரேமிளா பக்கத்தில் வந்தாள். ஃபோனை மெதுவாக மாக்கிறட்டின் கையிலிருந்து எடுத்தாள்.

"ஐயா, வணக்கமுங்க. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம். கட்டுக்கரைப் பக்கம் வயல் வேலை செய்ற ஆளுங்க. மழ பேயவும் பூட்ட ஒடச்சுட்டோம். இந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க, நாங்க கேக்கல. இவங்கள ஒண்ணும் சொல்லிடாதீங்க ஐயா."

அவளுடைய பேச்சே அவள் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்தது. அருட்பிரகாசம் சொன்னார்: "தோட்டக்காட்டுச் சனமோ? அதுதான் பாத்தன். உங்களுக்கு மனுசர்ர வீடு வாசல் தெரியுமோ?"

"ஆமாங்க ஐயா" என்றாள் பிரேமிளா. "தெரியாதுங்க."

மாக்கிறட் ஒரு அடி எட்டி அந்த ஃபோனைப் பறித்திருக்கலாம். தராசில் வைத்த விரலுக்கே அந்தக் கத்துக் கத்துகிறவள். இவள் என்ர பிள்ளைக்குப் பால் தந்தவள், வாயைப் பொத்து என்று ஒரு வார்த்தை போதும். அவள் அசையவில்லை. அவள் கண்ணுக்குள் இருபது பேர்ச் மண் கிடந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

அருட்பிரகாசம் ஃபோனை வைத்தார். நூற்று முப்பது பேரும் சேலைத் தலைப்பாலும் கட்டியிருந்த சாரத்தாலும் தரையைத் துடைத்தார்கள். கூரைத்தட்டைக் கழுவினார்கள், கறை போகவில்லை. வெந்தும் வேகாத சோற்றை வெளியே கொண்டுபோய் மழைக்குள் நின்று ஆளுக்கொரு பிடி சாப்பிட்டார்கள், அவள் போட்ட சாப்பாட்டை மறுத்தது என்று இருக்கக்கூடாது என்பதற்காக. போகும்போது ரவிசந்திரன் ஒரு கல்லை எடுத்து வாசற்பூட்டை அடித்து உடைத்தான். "கேட்டா காட்டறதுக்கு வேணும்ல அக்கா" என்றான்.

பிரேமிளா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க மாக்கிறட் வாயெடுத்தாள், பிரேமிளா விடவில்லை. "விடுங்கக்கா. எனக்குத்தான் மண்ணு அமையல. ஒங்களுக்காவது அமையட்டும். வீடு கட்டி முடிஞ்சா ஒரு போட்டோ அனுப்புங்க, நான் பாக்கணும்."

வியாழக்கிழமை வழியனுப்ப மாக்கிறட் போகவில்லை. தலையிடி என்று மகளை அனுப்பினாள்.

ஆவணியில் அருட்பிரகாசம் வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார், வெடித்த கல்லைப் பார்த்தார், "பாவம், நீ தனிச்சு என்ன செய்வாய்" என்று சொல்லி உறுதியை எழுதிக் கொடுத்தார். வீட்டுத்திட்டம் வந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, ஓடு போட்ட கூரை. தானே மண் சுமந்து, தானே சீமெந்து குழைத்துக் கட்டினாள். யாரைக் கேட்டாலும் நல்ல வீடு என்பார்கள்.

ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பெருநாளுக்குப் பிரேமிளா ஃபோன் எடுக்கிறாள். அதே முகாம், அதே குடிசை. பிள்ளைகளைக் கேட்பாள், மழையைக் கேட்பாள், கடைசியாக, "போட்டோ எங்கக்கா?" என்பாள். "அனுப்புறன் பிள்ளை, வெள்ளை அடிச்சு முடியட்டும்" என்பாள் மாக்கிறட். வெள்ளை அடித்து மூன்று வருடமாகிறது. படம் ஃபோனில்தான் கிடக்கிறது, எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அனுப்பினால் பிரேமிளா மனம் நிறையச் சந்தோசப்படுவாள். அந்தச் சந்தோசத்தைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இன்னும் வரவில்லை.