நாற்பத்தேழாம் எண்ணுக்கு நேரே ஒரு வெற்றுக் கட்டம்

பெரம்பலூரில் என் வீட்டில் காலைப் பூசை முடிந்து, கற்பூரம் அணையுமுன் தொலைபேசி ஒலித்தது. ஏலாக்குறிச்சியிலிருந்து அந்தோணி பேசினார். "சார், அக்கா விடியக்காலம் போயிருச்சுங்க. உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி ஒரு நோட்டு வச்சிருக்கு. வருவீங்கள்ல?"

அவர் அக்கா அடைக்கலமேரி, அரியலூரில் நம் சுண்ணாம்புக்கல் சுரங்க அலுவலகத்தின் தொலைபேசிப் பிரிவைப் பதினாறு ஆண்டுகள் தனியாளாக நடத்தியவர். நான் அங்கே நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உடன் பணியாற்றிய உங்களில் பலர், "நீங்கதான் நல்லா எழுதுவீங்க, ஒரு அஞ்சலி எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நன்றாக எழுதத் தெரிந்த கைதான். எழுத வேண்டிய நாளில் அது எழுதவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எந்த மேசையிலிருந்து எங்கே பேசலாம் என்பது அவருடைய கணினித் திரையில் இருந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே சிறு கட்டங்கள்: அலுவலகத்துக்குள் மட்டும், உள்ளூர், வெளியூர், செல்பேசி. ஒரு கட்டத்தை மாற்றுவதானாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த நீலநிற நோட்டில் உத்தரவிட்டவர் கையெழுத்து விழ வேண்டும். பிறர் பேசுவதை இடையில் நுழைந்து கேட்கும் வசதியைத் தம் மேசைக்குத் தரும்படி பொது மேலாளர் ஒருமுறை கேட்டார். மேரி நோட்டை நீட்டினார். "எழுதிக் குடுங்க சார், ரெண்டு நிமிசத்துல போட்டுத் தரேன்." மேலாளர் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர் முந்தைய நாள் தேதியிட்டுக் கையெழுத்துப் போட முயன்றபோது பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "நேத்துத் தேதி போட எங்க மாதாவே வந்தாலும் நோட்டத் தர மாட்டேன் சார். இன்னைக்குத்தானே போடுறீங்க? இன்னைக்குத் தேதியப் போடுங்க." அன்று நாம் எல்லோரும் சிரித்தோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதோஷ நாள். வாலிகண்டபுரம் கோயிலில் நந்திக்கு அபிஷேகம் தொடங்குமுன் சென்று சேர வேண்டுமென்று மூன்று மணிப் பேருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். சுரங்கத்துத் தொலைபேசியில் வெளி அழைப்புகளை அன்றே நிறுத்தும்படி மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். வாசலில் நின்றபடியே மேரியிடம் சொன்னேன்.

"நாப்பத்தேழா சார்? அது வெடிக்கிடங்குப் பக்கம். அங்க யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. இருக்கறதே அந்த ஒரு போன்தான்."

"உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் வெளியே இணைத்துக் கொடுங்கள்."

"நான் அஞ்சரைக்குப் போயிடுவேனே. ஆம்புலன்ஸ் நம்பர மட்டுமாவது விட்டு வைக்கலாம்னு எழுதிக் குடுங்க சார்."

"நாளைக்குப் பார்க்கலாம். இப்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்."

நோட்டைத் திறந்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

"பஸ் போய்விடும், அம்மா. நாளை முதல் வேலையே இதுதான்."

என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "திருநீறு வச்சவங்க சொல்றீங்க. போயிட்டு வாங்க." பதினாறு ஆண்டுகளில் கையெழுத்தின்றி அவர் மாற்றிய எண் அது ஒன்றே.

மாலை ஆறு மணிக்குச் சுரங்கத்தில் பாறை சரிந்து ஒரு லாரி ஓட்டுநரின் காலை நசுக்கியது. மேற்பார்வையாளர் நாற்பத்தேழிலிருந்து ஆம்புலன்ஸை அழைத்தார். அந்த எண்ணுக்கு வெளி அழைப்பு அனுமதி இல்லை என்றது ஒரு பதிவுக் குரல். திரும்பத் திரும்ப அதையே சொன்னது. அவர் வாயில்வரை ஓடிப்போய் வண்டியை வரவழைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. கால் போயிற்று. அந்நேரம் நான் கைகூப்பி, கண்மூடி, பதிகம் பாடிக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் மூவர் அமர்ந்திருந்தார்கள். "சார்தான் சொன்னாங்க" என்றார் மேரி. என்னிடம் கேட்டார்கள். மேலாளர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம்; நான் சொன்னதையாவது சொல்லியிருக்கலாம். "நோட்டில் என் கையெழுத்து இருக்கிறதா, பாருங்கள்" என்றேன். அவ்வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதைவிடக் கொடிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதும் இல்லை. செய்யுளும் இலக்கணமும் கற்று நான் கண்ட பயன் அப்படி ஒரு வாக்கியத்தை அமைக்கத் தெரிந்தது. மேரி என்னை ஒருகணம் பார்த்து, "சரிங்க சார்" என்று எழுந்துகொண்டார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. மறு ஆண்டு எனக்குப் பொன்னாடை போர்த்தி விடைகொடுத்தார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

ஒரேயொரு முறை ஏலாக்குறிச்சிக்குப் போனேன். மாதா கோயில் வாசலில், பேருந்தில் வந்திறங்கும் யாத்திரிகர்களுக்கு மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். அன்னைக்கு அபிஷேகத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?"

"சேர்ந்துவிட்டேன்."

"அது போதும் சார்."

மன்னிப்புக் கேட்கப் போனவன் இரண்டு மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அடக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்திருந்தது. 'நேர்மையின் இலக்கணம்' என்று பட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அந்தோணி என்னிடம் கேட்டார்: "உசுரோட இருக்கும்போது இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்க யாருக்கும் கை வரலியா சார்?" யார் எழுதியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நான்தான் என்று அங்கேயே சொன்னேன். அவர் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய ஆன்மா இளைப்பாறட்டும் என்று எழுத எனக்கு அருகதை இல்லை. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது இந்த நோட்டும் அதன் சட்டமும். நாற்பத்தேழாம் எண்ணுக்கு நேரே கையெழுத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது. பென்சில் புள்ளி இன்னும் அழியவில்லை. அதன்மேல் முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் நகலை அலுவலகத்துக்கும், காலிழந்த ஓட்டுநருக்கும், அந்தோணிக்கும் அனுப்பியிருக்கிறேன். பழைய தேதியைப் போடவில்லை. அவர் விட்டிருக்க மாட்டார். இன்றைய தேதியையே போட்டேன். அதைச் சரிபார்க்க அவர் இல்லாத தேதி.