பகலில் பச்சை, பல்பில் சிவப்பு

எனக்கு வாய் நீளம். யோசனை வருவதற்குள் வார்த்தை வந்துவிடும். அப்படித்தான் ஒரு நல்ல மனிதரைக் கம்பம் பஜாரில் திருடனாக்கினேன்.

என்னைப் பெற்ற அத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிய வெள்ளி மோதிரம் அது. பச்சைக்கல். அவர் மௌத்தான பிறகு என் பீரோவிலேயே கிடந்தது. மகளுக்கு நிக்காஹ் வந்ததும் மாப்பிள்ளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். அவர் விரலுக்குச் சிறிதாக இருந்ததால், ஒரு பகலில் பஜாரில் இருக்கும் நகை ஆசாரியிடம் பெரிதாக்கக் கொடுத்தேன்.

மறுநாள் பொழுது மசங்குகிற நேரத்தில் வாங்கப் போனேன். பட்டறையில் மஞ்சள் குண்டு பல்பு எரிந்தது. கையில் வாங்கிப் பார்த்தால், மாதுளை முத்து மாதிரி சிவப்புக்கல்!

“ஏ ஆசாரி! எங்க அத்தா மோதிரத்துலயே கைய வச்சுட்டீகளே!”

அவரும் பல்புக்கடியில் பிடித்துப் பார்த்தார். முகம் செத்துப்போனது. “சூடு பட்ருமேன்னு கல்லக் கழட்டி வச்சுத்தான் வளையத்த வெட்டிப் பத்த வச்சேன் தாயி. மத்தியானம் அதே கல்லத்தான் பதிச்சேன்.”

நான் விடுவேனா? தெருவே கூடியது. கொலுசு கொடுத்திருந்த இரண்டு பெண்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஜமாத்தில் சொல்லாமல் விடமாட்டேன் என்று கத்திவிட்டு, மோதிரத்தைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு வந்தேன். அன்றைக்கு அதைப் பிரிக்கவே இல்லை.

காலையில் ஜமாத்துக்குக் கிளம்பும் முன் மகளிடம் காட்டலாம் என்று வாசலில் வைத்துப் பிரித்தேன். கல் பச்சையாக இருந்தது. “நேத்து பல்புக்கடியில செவப்பா இருந்துச்சே!” என்றேன். மகள் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றிப் பிடித்தாள். சிவப்பு. வெயிலில் மறுபடி பச்சை. போனில் தேடிப் பார்த்தாள்.

“அலெக்சாண்ட்ரைட்டா இருக்கும்மா. வெளிச்சத்துக்குத் தக்கன நிறம் மாறுமாம். கிடைக்கிறதே அபூர்வம்னு போட்டிருக்காக.”

அவளுக்கு ஒரே பூரிப்பு. உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து பார்த்தாள். நிஜமாகவே அழகுதான். எங்கள் வீட்டில் எல்லாம் டியூப்லைட். இத்தனை வருஷம் நாங்கள் அதன் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். என்னால் அதை ரசிக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆசாரி பட்டறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் டப்பாக்களைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார். நான் வாசலில் நின்று, முந்தின நாள் கத்திய அதே சத்தத்தில், “தப்பு என் மேலதான் ஆசாரி, மன்னிச்சிருங்க” என்றேன். பல்பைப் போடச் சொல்லி, கல்லை இரண்டு வெளிச்சத்திலும் காட்டினேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்துல இருந்து தேடுறேன் தாயி. நீங்க சொன்னதுகூடப் பெருசில்ல. நான்தான் கல்ல மாத்திட்டு மறந்துட்டேனோன்னு நெனச்சுட்டேன்.”