சுடாத கோடு

இதைக் கதை என்று நினைப்பவர்கள் வந்து என் மனைவியின் இறப்புச் சான்றிதழைப் பார்க்கலாம். நள்ளிரவில் நடந்ததல்ல. பட்டப்பகல். போன அக்னி நட்சத்திரம், ஞாயிற்றுக்கிழமை.

குழந்தை வரம் கேட்டுத் திருவண்ணாமலைக்குப் பாதயாத்திரை. வேண்டிக்கொண்டது என் அம்மா. செருப்பில்லாமல் நடந்தது என் மனைவி ஸ்ரீவித்யா. குறை என்னிடம்தான் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. வித்யாவையும் சொல்ல விடவில்லை. வெட்கமில்லாமல் ஷூ மாட்டிக்கொண்டு கூடவே நடந்தேன்.

காலை ஆறு மணிக்குச் சேலையூரில் கிளம்பிய கூட்டம், 11.50க்குக் கூடுவாஞ்சேரியைத் தாண்டியது. தார் கொதித்தது. ஓரத்து மண்ணில் கருவேல முள். வித்யா நொண்ட ஆரம்பித்தாள்.

பாதயாத்திரைக்காரர்களுக்கு ஒரு வழி தெரியும். சாலையோர வெள்ளைக் கோடு. பெயின்ட் மேல் சூடு கம்மி. அங்கே கோடு பளிச்சென்று தெரிந்தது.

"கோட்டு மேலயே நட, வித்யா."

நடந்தாள். நான் இருபதடி பின்னால் போனேன்.

12.08.

"ஏங்க... ஐஸ் மாதிரி இருக்குங்க."

இந்த வெயிலில் ஐஸா? குனிந்து தொட்டேன். சில்லென்று இருந்தது. அதன் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கூட வந்தவர்கள் யாரும் அதில் நடக்கவில்லை. முள்ளிலேயே நடந்தார்கள். ஏன்?

12.14.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. அவள் கொலுசு கேட்டது. ஜல்... ஜல்...

கோடு வளைந்தது.

ஓரத்தை விட்டு... நடு ரோட்டுக்கு.

குனிந்த தலை நிமிராமல் அவளும்...

"வித்யா!"

திரும்பவில்லை.

ஜல்... ஜல்...

ஹாரன்.

12.17.

சாயங்காலம் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏட்டு எழுதுவதை நிறுத்தினார்.

"இன்னா கோடு சார்? ரோடு போட்டே நாலு நாள்தான் ஆவுது. இன்னும் கோடே அடிக்கல."

கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று கிடந்தது.

பிணவறையில் அவள் பாதங்களைப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருக்கிறது என்று சொன்னாளே... இரண்டும் முழுக்க வெந்து, தோல் உரிந்து, தார் ஒட்டியிருந்தது.

அம்மா எனக்கு மறுபடியும் பெண் பார்க்கிறாள். டாக்டர் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.