ஒரு நிறுத்தம் முன்னால்

“பலாமரம் வந்திருச்சு. பேர் குடுத்தவங்க எல்லாம் எறங்குங்க சாமி” என்று குரல் கொடுத்து, மாரமங்கலம் வரை டிக்கெட் வாங்கியவர்களை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே தூறலில் இறக்கிவிடுகிறார் கண்டக்டர் சிங்கராயர். யாராவது தூங்குவதுபோல் நடித்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். “ஊட்டு வாசல்ல எறக்கி உட்டா ஒடம்பு எப்பிடிங்க கொறையும்?”

போன வருடம் மாரமங்கலத்தில் நடந்த முகாமில் நர்ஸம்மா எல்லாரையும் எடை பார்த்தார். மூன்றில் ஒருவருக்கு எடை அதிகம். அதன்பிறகு ஏற்காட்டில் வேலை முடித்து மாலை பஸ்ஸில் திரும்புகிறவர்கள் கூடிப் பேசி இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பது. பஸ்ஸில் பஜ்ஜி, போண்டா தின்பதில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் பதினோரு பெயர்கள் இருக்கின்றன. ஒன்பதாவது என் பெயர். சிங்கராயர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார், எழுதிவிட்டார். கேட்கவே இல்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. காக்கிச் சட்டையின் மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு. அவர் முன்னாலிருந்து பின்னால் போக வேண்டுமானால் நின்றுகொண்டிருப்பவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் பட்ட காகிதப் பொட்டலத்தோடு யார் ஏறினாலும் மூக்கு சொல்லிவிடும். “சுண்டல் வாங்கியிருக்கலாமில்லீங்க?” என்று வருத்தத்தோடு கேட்டபடி பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்வார்.

அது எங்கே போகிறது என்று காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பாவாயி அக்காதான் கண்டுபிடித்தார். பஸ்ஸுக்குப் பின்னால் வாய் நிறைய மிளகாய் பஜ்ஜியோடு நின்றாராம் நம் ஆள். “கீழ போட்டா பாவமில்லீங்களா” என்று பதில் வேறு. அன்று முழுக்கச் சிரித்தோம்.

சிரிப்பு போன வாரம் நின்றது. டிரைவர் தனபால்தான் விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் சிங்கராயருக்கு மருத்துவப் பரிசோதனை. அதற்குள் ஏழு கிலோ குறையாவிட்டால் பஸ்ஸை விட்டு இறக்கி, சேலத்தில் மேஜை வேலையில் உட்கார வைத்துவிடுவார்களாம். இருபத்திரண்டு வருடமாக இந்த மலைப்பாதையில் நின்றுகொண்டே வந்த மனிதர். தாளில் அவர் பெயர் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாலை பஸ்ஸில் மிச்சம் இருந்தது நாங்கள் ஏழு பேர்தான். “பலாமரம்” என்றார். ஒருவரும் எழவில்லை.

“இன்னிக்கு நீங்க எறங்குனாத்தானுங்க நாங்க எறங்குவோம்” என்றார் பாவாயி அக்கா.

“நான் டூட்டில இருக்கறனுங்க.”

“டிக்கெட் குடுக்க ஆரு இருக்கறாங்க? நொம்பப் பேசாத எறங்குங்க.”

டிரைவரைப் பார்த்தார். தனபால் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். வேறு வழியில்லாமல் சிங்கராயர் படி இறங்கினார். பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

முதல் வளைவு வரை பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. மூன்றாவதில் ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, “ஏனுங்க, இந்த மேடு பஸ்ஸுல வரும்போது இருக்கறதில்லீங்களே” என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

தனபாலுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சற்று மேலே பனிமூட்டத்தில் விளக்கெரிய பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சிங்கராயர் மெல்ல மேடேறி வந்தார். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்று மூச்சு வாங்கினார்.

பிறகு பஸ்ஸில் ஏறாமல், தோளில் கிடந்த டிக்கெட் பையைக் கழற்றி, கை நீட்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“போலாம், ரைட்.”